பிராக் நகரில் பிறந்த மருந்து

செக்கோசிலோவாக்கியாவின் தலைநகராயிருந்த பிராக் நகரிலே, அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த சேதன இரசாயன நிறுவனமொன்றில், அலோயிஸ் பிஸ்கலா, பிரான்ரிசெக் ஷோர்ம் என்னும் இரு அறிஞர் புதிய பொருளொன்றைத் தயாரித்து, 1964 ஆம் ஆண்டில் அச்செய்தியை வெளியிட்டனர். அவர்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. உயிர்களின் பரம்பரைப் பொருளாகிய டீ. என். ஏ. நான்கு வகை எழுத்துக்களால் எழுதப்பட்ட நெடிய ஏடு போன்றது. அவ்வெழுத்துக்களுள் ஒன்று சைற்றோசீன். அதன் அறுகோண வளையத்தில் ஐந்தாம் இடத்தில் இருப்பது ஒரு காபன் அணு. அக்காபனை அகற்றி, அதனிடத்தில் ஒரு நைதரசன் அணுவை அமைத்தனர் பிராக் நகரத்து இரசாயன அறிஞர். இவ்வாறு பிறந்த பொருளுக்கு அசாசிற்றிடீன் என்று பெயர்.

இத்தகைய முயற்சியின் நோக்கம் யாதெனில், புற்றுநோய்க் கலங்களை ஏமாற்றுவதே. விரைந்து பெருகும் கலம் டீ. என். ஏ. எழுத்துக்களை ஓயாது தேடிக்கொண்டிருக்கும். நல்ல நாணயத்தோடு கள்ள நாணயத்தைக் கலந்து கொடுத்தால், அவசரத்தில் இருப்பவன் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான் அன்றோ? அவ்வாறே போலி எழுத்தை ஏற்றுக்கொள்ளும் கலம் தன் ஏட்டைத் தானே கெடுத்துக்கொண்டு மடியும் என்பது அக்காலத்து இரசாயன அறிஞரின் எதிர்பார்ப்பு. இரத்தப் புற்றுநோய் கொண்ட எலிகளில் அம்மருந்து நன்கு வேலை செய்தது. சீஹாக், வெசெலி என்னும் இருவரும் உடன்சேர, புற்றுநோயைத் தடுக்கும் ஆற்றல் மிக்க புதுப்பொருள் என்று அதே ஆண்டிலேயே அது அறிவிக்கப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவினதான டெசிற்றபீன் என்னும் பொருளும் அதே ஆண்டில் அதே நிறுவனத்திலேயே பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்று அசாசிற்றிடீனை இயற்கையாகவே ஆக்குகின்றது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதன் தன் கைத்திறனென்று எண்ணியதைக் கண்ணுக்குப் புலப்படாத உயிரொன்று எவ்வளவு காலமாகச் செய்துவந்ததோ!

ஷோர்ம் சாதாரண விஞ்ஞானி அல்லர். 1962 முதல் செக்கோசிலோவாக்கிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக விளங்கியவர்; ஆளும் கட்சியிலும் செல்வாக்கு உடையவர். ஆயினும் 1968 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அந்நியப் படைகள் அவருடைய நாட்டினுள் நுழைந்தபோது, அவர் வாய் மூடி இருக்கவில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தார். அதன் விளைவாகப் பதவிகள் யாவற்றையும் இழந்தார். தம் கையால் வளர்த்த நிறுவனத்தின் தலைமையும் அவரை விட்டு நீங்கியது. 1980 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் தந்த மருந்தின் உண்மை இயல்பு உலகுக்குத் தெரியவந்ததும் அதே ஆண்டில்தான்.

அதுவரை அம்மருந்தின் கதை ஏமாற்றமாகவே இருந்தது. 1970 ஆம் ஆண்டுகளிலே, கடுமையான இரத்தப் புற்றுநோயால் வருந்தியவர்களுக்கு அதனை உயர்ந்த அளவிற் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளர் தாங்கக்கூடிய உச்ச அளவைக் கொடுக்க வேண்டும் என்பது அக்கால வைத்தியத்தின் கொள்கை. நச்சு மருந்தைக் கொண்டு நோயைக் கொல்வதே நோக்கமாயின், நஞ்சு எத்துணை மிகுதியோ அத்துணை நன்று என்று எண்ணுவது இயல்பே. சிலருக்கு நோய் தணிந்தது. ஆனால் பலருக்கு ஓயாத வாந்தி. என்புமச்சையும் இரத்தம் ஆக்கும் தொழிலை மறந்தது. மருந்தின் நன்மையைவிடத் துன்பமே பெரிதாகத் தோன்றியமையால், அது ஒப்புதல் பெறாது ஆய்வுகூட அலுமாரிகளிலே தங்கிவிட்டது.

இனி, கதையின் மற்றொரு கிளைக்குச் செல்லல் வேண்டும். மனித உடலின் கலம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே டீ. என். ஏ. ஏடே இருக்கின்றது. கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் வேறுபாடு இல்லை. அவ்வாறாயின் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருப்பது எப்படி? பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வாடிங்டன் இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டார். பரம்பரையலகுகளிலிருந்து உடலின் வடிவம் எவ்வாறு விரிகின்றது என்பதை ஆராயும் துறைக்கு 1942 ஆம் ஆண்டில் எபிஜெனெற்றிக்ஸ் என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. மலைச்சரிவின் உச்சியிலிருந்து உருளும் பந்து ஒன்றை அவர் உவமையாகக் காட்டினார். சரிவில் பள்ளத்தாக்குகள் கிளைகிளையாகப் பிரிகின்றன. பந்து ஒரு பள்ளத்தில் இறங்கியபின், அடுத்த பள்ளத்துக்கு மேடேறிப் போவது எளிதன்று. கருவின் கலமும் அவ்வாறே ஒரு வழியைத் தெரிந்து அவ்வழியே இறங்குகின்றது.

உவமை அழகியது. ஆயின் அந்தப் பள்ளத்தை வெட்டியது எது? 1948 ஆம் ஆண்டில் ரொலின் ஹொச்கிஸ் என்னும் அமெரிக்கர், கன்றின் உறுப்பொன்றிலிருந்து பெற்ற டீ. என். ஏ.யில், சைற்றோசீனோடு மெதைல் என்னும் சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அடையாளம் கண்டார். ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட இச்சிறு ஒட்டு எதற்காக இருக்கின்றது என்பது கால் நூற்றாண்டுக்கு மேலாக விளங்கவில்லை. 1975 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ரொபின் ஹொலிடேயும் அவருடைய மாணவர் ஜோன் பியூவும் ஒரு புறமும், அமெரிக்காவில் ஆதர் ரிக்ஸ் மறுபுறமும், ஒருவரை ஒருவர் எதிர்பாராது ஒரே கருத்தை வெளியிட்டனர். பரம்பரையலகு ஒன்றின் வாயிலிலே மெதைல் கூட்டங்கள் ஒட்டினால் அது பூட்டப்படும். கலம் இரண்டாகப் பிரியும்போது பூட்டும் பிரதி செய்யப்பட்டு இரு மகட்கலங்களுக்கும் செல்லும். எழுத்து மாறவில்லை; ஏட்டின் சில பக்கங்கள் ஊசியாற் குத்தி மூடப்பட்டிருக்கின்றன. ஊசிகளும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. இதுவே அவர்கள் கண்ட விளக்கம்.

இவ்விரு கிளைகளும் ஒன்றுசேர்ந்த இடம், எவரும் எதிர்பாராத இடம். பீற்றர் ஜோன்ஸ் என்னும் இளம் விஞ்ஞானி புற்றுநோய் மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தென்னாபிரிக்காவிலே அவரும் அவருடன் உழைத்தவர்களும், எலிக்கருவிலிருந்து பெற்ற கலங்களைக் கண்ணாடித் தட்டுக்களில் வளர்த்து, அவற்றின்மீது அசாசிற்றிடீனைச் சிறிதளவு இட்டனர். கலங்கள் எவ்வளவு மடிகின்றன என்பதே தேடல். சில நாட்களின் பின் நுணுக்குக்காட்டியிற் கண்ட காட்சி அவர்களைத் திகைக்க வைத்தது. தட்டிலே தசைநார்கள் தோன்றியிருந்தன. அவை சுருங்கி விரிந்து துடித்துக்கொண்டிருந்தன! தசையாகும் இயல்பே இல்லாத கலங்கள் தசையாகிவிட்டன. 1977 ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. பின்னர் கொழுப்புக் கலங்களும் கசியிழையக் கலங்களும் அவ்வாறே தோன்றக் கண்டனர். பந்து மேடேறி மற்றொரு பள்ளத்தில் இறங்கியதற்கு ஒப்பானது இது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்ற ஜோன்ஸ், ஷேர்லி டெயிலர் என்பவரோடு சேர்ந்து இதன் காரணத்தைத் தேடினார். 1980 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் விடை கிடைத்தது. மெதைல் கூட்டம் ஒட்டும் இடம், சைற்றோசீன் வளையத்தின் ஐந்தாம் இடம். பிராக்கிலே காபனை எடுத்து நைதரசனை வைத்ததும் அதே ஐந்தாம் இடம்! பூட்டை மாட்ட வரும் நொதியம் இந்தப் போலி எழுத்தைப் பற்றியதும், கண்ணியில் அகப்பட்ட பறவைபோல அதிலேயே சிக்கிக்கொள்கின்றது. கலம் பிரியும்போது புதிய ஏட்டில் பூட்டுக்கள் மாட்டப்படுவதில்லை. இரண்டு மூன்று பிரிவுகளுள், மூடியிருந்த பக்கங்கள் திறந்துகொள்கின்றன. கொல்லும் நஞ்சென்று பதினாறு ஆண்டுகளாகக் கருதப்பட்டது, சிற்றளவிலே திறவுகோல் என்பது தெரிந்தது.

இத்தகைய கண்டுபிடிப்புப் புற்றுநோய் ஆராய்ச்சியை உடனே புரட்டிப்போட்டிருக்கும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. அப்போது ஆராய்ச்சி உலகின் கவனம் வேறிடத்தில் இருந்தது. ஜேர்மானியரான தியடோர் போவெரி, நிறமூர்த்தங்களின் கோளாறே புற்றுநோயின் தோற்றுவாய் என்று 1914 இலேயே கூறியிருந்தார். 1982 ஆம் ஆண்டில், மனிதரின் புற்றுநோய் ஒன்றில், பரம்பரையலகின் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதைப் பல ஆய்வுகூடங்கள் ஒருங்கே கண்டுபிடித்தன. எழுத்துப் பிழையே புற்றுநோய் என்னும் கொள்கை வெற்றி முரசு கொட்டிய காலம் அது. அவ்வேளையில் எழுத்தின்மேல் ஒட்டிய துகளைப் பற்றிப் பேசுவோரை யார் கவனிப்பர்? அக்கவனக்குறைவை வெறும் பொறாமை என்று கொள்ளுதல் நீதியாகாது. மெதைல் மாற்றங்கள் நோயின் காரணமா, நோயின் விளைவா என்னும் ஐயம் உண்மையிலேயே தீர்க்கப்படாதிருந்தது.

எனினும் 1983 இல், போல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ பைன்பேர்க், பேட் வோகெல்ஸ்ரைன் ஆகிய இருவர், பெருங்குடலிலும் சுவாசப்பையிலும் தோன்றிய புற்றுநோய்களை, அதே நோயாளரின் நல்ல இழையத்தோடு ஒப்பிட்டனர். புற்றுநோய்க் கலங்களில் மெதைல் கூட்டங்கள் பல இடங்களிற் குறைந்திருந்தன. காவலின்றி விடப்பட்ட அறைகள் திறந்து கிடந்தன எனலாம். அதே பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் பேலினும் அவரது குழுவினரும் இதற்கு நேர்மாறானதைக் கண்டனர். திறந்திருக்க வேண்டிய சில வாயில்களிலே பூட்டுக்கள் குவிந்திருந்தன. 1994 இல் சிறுநீரகப் புற்றுநோயிலும், 1995 இல் வேறு பல புற்றுநோய்களிலும், கலத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகள் எழுத்துப் பிழை ஏதுமின்றியே வாயடைக்கப்பட்டிருந்தமை நிறுவப்பட்டது. காவற்காரனைக் கொல்லவேண்டியதில்லை, அவனுடைய அறையை வெளியிலிருந்து பூட்டினாலே கள்வனுக்குப் போதும். எழுத்துப் பிழை நேர்வது அரிது; நேர்ந்தபின் திரும்புவதும் அரிது. பூட்டோ எளிதில் விழும், எளிதில் நீங்கும். ஒரே கட்டியிலுள்ள கலங்கள் வெவ்வேறு பூட்டுக்களைப் பூண்டு, ஒன்று பரவும் ஆற்றலையும் மற்றொன்று மருந்துக்குத் தப்பும் ஆற்றலையும் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டு நீங்கக்கூடியது என்பதாலேயே வைத்தியருக்கு ஒரு வாய்ப்பும் பிறந்தது.

அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டவர் நியூயோர்க் நகரிலே மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர் லூயிஸ் சில்வர்மன். அவர் எடுத்துக்கொண்டது மயலோடிஸ்பிளாஸ்ரிக் நோய். என்புமச்சை சீர்கெட்டு, குறைபட்ட இரத்தக் கலங்களையே ஆக்கும் நோய் அது. பெரும்பாலும் எழுபது வயதை அண்டிய முதியோரையே பற்றும். ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது கடுமையான இரத்தப் புற்றுநோயாக மாறும். அக்காலத்தில் இவர்களுக்கு இரத்தம் ஏற்றுவதையும், வரும் தொற்றுக்களைத் தணிப்பதையும் தவிர வைத்தியர் செய்யக்கூடியது மிகச் சொற்பம். உயர்ந்த அளவு மருந்தைத் தாங்கும் வலு முதியோருக்கு ஏது? ஆதலின் 1980 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அலுமாரியிலிருந்த அசாசிற்றிடீனை எடுத்து, முன்னையோர் கொடுத்ததினும் மிகக் குறைந்த அளவில், ஏழு நாட்கள் தொடர்ந்து கொடுக்கும் முறையைச் சில்வர்மனும் அவரோடு சேர்ந்தோரும் வகுத்தனர்.

பின்னர் 191 நோயாளரைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு 60 பேரிடம் ஏதோ ஒரு வகையில் முன்னேற்றம் காணப்பட்டதென ஆய்வாளர் கணித்தனர். வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 5 பேர். நோய் கடும் புற்றுநோயாக மாறுவதற்கோ மரணம் நேர்வதற்கோ சென்ற இடைக்காலம் 13 மாதத்திலிருந்து 21 மாதமாக நீண்டது. பராமரிப்பை மட்டும் பெற்றவரின் நோய் முற்றினால் அவருக்கும் மருந்து கொடுக்கலாம் என்று ஆய்வு விதி இடமளித்திருந்தது. மனிதாபிமானம் மிக்க விதி அது. ஆனால் அதனாலேயே, மருந்து ஆயுளை நீட்டுகின்றதா என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்காது போயிற்று. 2004 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அமெரிக்க அரசு இந்நோய்க்கு ஒப்புதல் அளித்த முதல் மருந்தாக அசாசிற்றிடீன் அமைந்தது. பிராக்கிலே அது பிறந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. எஞ்சியிருந்த வினாவுக்கு, பிரான்சு நாட்டுப் பேராசிரியர் பியேர் பெனோ தலைமையில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வு விடை தந்தது. அதில் பங்குகொண்டவர்கள் தீங்கு மிக்க நிலையில் இருந்த 358 நோயாளர். மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 24.5 மாதம், ஏனைய சிகிச்சை பெற்றோரது 15 மாதம். இரண்டு ஆண்டுகளின் முடிவில் முதற் பிரிவினரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் உயிரோடிருந்தனர்; மற்றப் பிரிவில் காற்பங்கினரே.

ஒன்பது மாதம் என்பது ஏட்டில் ஓர் எண். ஒரு குடும்பத்துக்கு அது பேத்தியின் திருமணமாகவோ, பிரிந்த மகனின் வருகையாகவோ இருக்கக்கூடும். ஆயினும் இம்மருந்தை நோயை வேரோடு களையும் மருந்தென எண்ணுவோர் ஏமாற்றமே அடைவர்.

மெதைல் பூட்டு மருந்துக்கு இலக்காவதோடு நின்றுவிடவில்லை; நோயாளரின் எதிர்காலத்தை முன்னுரைக்கும் குறியாகவும் ஆயிற்று. மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்ரோமா என்னும் கொடிய கட்டிக்கு ரெமோசோலமைட் என்னும் மருந்து கொடுக்கப்படுகின்றது. அது புற்றுநோய்க் கலத்தின் டீ. என். ஏ.யைச் சிதைக்கும். கலத்திலோ அச்சிதைவைத் திருத்தும் நொதியம் ஒன்று உண்டு. அதனை ஆக்கும் பரம்பரையலகைச் சுருக்கமாக எம். ஜி. எம். ரி. என்பர். சில கட்டிகளில் இப்பரம்பரையலகு பூட்டப்பட்டிருக்கும். அக்கட்டிகள் தம் காயத்தைத் தாமே ஆற்றமாட்டா. சுவிற்சலாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த மொனிக்கா ஹேகியும் அவருடன் உழைத்தோரும், 206 நோயாளரின் கட்டிகளைச் சோதித்து 2005 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 45 கட்டிகளிற் பூட்டு இருந்தது. பூட்டு உள்ளவர்கள் கதிர்ச் சிகிச்சையோடு மருந்தும் பெற்றபோது இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 15.3 மாதம். பூட்டு இல்லாதவர்களிலோ இவ்விரு எண்களும் முறையே 12.7, 11.8. கட்டியைப் பாதுகாக்கும் பரம்பரையலகையே கட்டி தன் கையாற் பூட்டிக்கொண்டது நோயாளரின் நற்பேறாயிற்று.

இங்குதான் வைத்தியரின் நெஞ்சைப் பிசையும் சிக்கல் எழுகின்றது. பூட்டு இல்லை என்று சோதனை கூறிவிட்டது. மருந்தினால் வரும் பயன் மிகச் சிறிது என்பதும் தெரியும். அதனை விடச் சிறந்த வேறு மருந்து கையில் இல்லை. இப்போது நோயாளரிடம் என்ன சொல்வது? சோதனையின் முடிவு எதுவாயினும் அதே மருந்தே கொடுக்கப்படுமாயின், அச்சோதனை துயரத்தை முன்கூட்டிக் கொணர்ந்ததன்றி வேறென்ன செய்தது என்று கேட்டவர்களும் உளர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 2012 ஆம் ஆண்டில் முதியோரிடையே நடந்த இரு ஐரோப்பிய ஆய்வுகள் வெளியானபின் நிலை ஓரளவு மாறியது. கதிர்ச் சிகிச்சை, மருந்து ஆகிய இரண்டையும் ஒருங்கே தாங்கமாட்டாத முதியவருக்குப் பூட்டு உண்டாயின் மருந்தையும், இல்லையாயின் கதிர்ச் சிகிச்சையையும் தெரிந்தெடுக்க இச்சோதனை வழிகாட்டுகின்றது. 2018 இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிலிருந்து வெளியான ஆராய்ச்சி, மூளைக்கட்டிகளின் மெதைல் கோலத்தை முழுவதுமாகப் படித்து அவற்றை வகைப்படுத்தும் முறையைத் தந்தது. நுணுக்குக்காட்டியில் ஒரே தோற்றம் காட்டும் இரு கட்டிகள், மெதைல் கோலத்தில் வேறுபட்டு, வேறுபட்ட முடிவுகளை நோக்கிச் செல்வதுண்டு. அம்முறையாற் சோதிக்கப்பட்ட புதிய நோயாளரில் ஏறக்குறைய எண்மரில் ஒருவருக்கு முன்பு கூறிய நோயின் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று.

அசாசிற்றிடீனின் பயணமும் தொடர்ந்தது. கடுமையான இரத்தப் புற்றுநோய் கொண்டு, வலிமைமிக்க சிகிச்சையைத் தாங்க இயலாத முதியோருக்கு, வெனெற்றோக்ளக்ஸ் என்னும் மருந்தை அதனோடு சேர்த்துக் கொடுத்தபோது, இடைநிலை ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்ததென்று 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டுகளில் எந்த நோயிலே மருந்து தோற்றுப் பின்வாங்கியதோ, அந்த நோய்க்கே அது துணையோடு மீண்டு வந்தது.

இன்றும் மயலோடிஸ்பிளாஸ்ரிக் நோயாளருக்கு அம்மருந்து கொடுக்கும் முறை சில்வர்மன் காலத்து முறையே. இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை, ஏழு நாட்கள், தோலின்கீழ் ஊசி. முதல் மாதங்களில் இரத்தக் கலங்களின் எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். நோயாளர் மருந்து பொய்த்ததென்று மனம் தளர்வர். கலங்கள் பிரியப் பிரியத்தான் பூட்டுக்கள் கழலும் என்பதால், நான்கு முதல் ஆறு சுற்றுக்கள் பொறுத்திருந்தே பயனை அளத்தல் வேண்டும் என்று வைத்தியர் அவர்களுக்கு எடுத்துரைக்கின்றனர். மருந்தை நிறுத்தினால் பூட்டுக்கள் பழைய இடங்களிலே மீண்டும் விழுகின்றன. ஆகவே பயன் பெற்ற முதியவர், அப்பயன் நீடிக்கும்வரை, மாதந்தோறும் அந்த ஏழு நாட்களும் மருத்துவமனை வாயிலுக்கு வந்துபோகின்றார்.